கை நோகிற இடம்

கலியாணப் பந்தியில் ஸ்ரீஸ்கந்தராசாவுக்குப் பாயாசம் ஊற்ற வந்த பெண், பக்கத்திலிருந்தவர் அவரை இன்னார் என்று சொன்னதும் அகப்பையை அந்தரத்தில் நிறுத்திவிட்டாள்.

“நீங்களோ அங்கிள், பனிமுரசில தொடர்கதை எழுதுற நெடுங்கடலோன்?”

ஸ்ரீஸ்கந்தராசாவின் கழுத்து கொஞ்சம் உயர்ந்தது. இரவல் வாங்கிய கழுத்துப்பட்டியும் கூடவே உயர்ந்தது.

“ஓம் பிள்ளை. நான்தான்.”

“ஐயோ, என்ர அம்மா மாசாமாசம் அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறவ. என்ன வடிவான கையெழுத்து அங்கிள்! முத்து முத்தா!”

பாயாசம் கோப்பையில் விழுந்தது. அவர் அதைத் தொடவில்லை. எதிரே இருந்த அவருடைய மனைவி குணவதி சிரிப்பை அடக்க அப்பளத்தைக் கடித்தாள். அந்தச் சத்தம் அவருக்குச் சிரிப்பாகவே கேட்டது.

எண்பத்தேழாம் ஆண்டு. ரொறன்ரோவில் தமிழ்க் கடைகளே தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தன. தமிழ் அச்சுக்கூடத்துக்கு எங்கே போவது? பனிமுரசு கையால் எழுதப்பட்டு, ஃபொட்டோக் கொப்பி எடுக்கப்பட்டு, முதுகில் இரண்டு கம்பி குத்தப்பட்டு, கோயிலிலும் கடையிலும் கலியாண வீட்டிலும் கைமாறிய பத்திரிகை. எழுதுகிறவர்கள் பலர், கை ஒன்று. கவிதை, அரசியல் கட்டுரை, மரண அறிவித்தல், மிளகாய்த்தூள் விளம்பரம் எல்லாமே ஒரே கையெழுத்தில் வரும். அந்தக் கை மல்வேர்னில் இருந்த கிளடிஸ் ரீச்சருடையது. ஊரிலே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் கரும்பலகையில் எழுதி எழுதி, மூன்று தலைமுறைப் பிள்ளைகளை மிரட்டிவிட்டு, மகளோடு இருக்க வந்த கை.

ஸ்ரீஸ்கந்தராசாவின் கையெழுத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கோழி கிளறினது என்று குணவதி சொல்லுவாள். அவர் அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தார். மேதைகளின் கையெழுத்து அப்படித்தான் இருக்கும் என்று யாரோ சொன்னது அவருக்கு ஞாபகம். அந்த யாரோ அவராகவே இருந்திருக்கலாம்.

ஆனால் கையால் எழுதுவது என்ற காரியத்தைப் பற்றி அவரை விட்டால் இரண்டு மணித்தியாலம் பேசுவார். பேசியும் இருக்கிறார், பனிமுரசு வாசகர் கூட்டத்தில். அவரிடம் எழுதுகிற கொப்பிகள் மூன்று இருந்தன. மூன்றும் தடித்த மட்டை போட்டவை. கறுப்புக் கொப்பி, எண்ணம் கருக்கொள்வதற்கு. சிவப்பு, பிரசவத்துக்கு. நீலம், பெயர் சூட்டுவதற்கு. அதாவது திருத்தி முடித்த கதை அதிலே ஒரு வெட்டுமில்லாமல் ஏறும். கறுப்பில் எழுதும்போது பென்சில். சிவப்பில் பந்துமுனைப் பேனை. நீலத்தில் மைப்பேனை மட்டும்தான். “நெஞ்சில இருந்து தோளுக்கு, தோளில இருந்து முழங்கைக்கு, முழங்கையில இருந்து விரலுக்கு. அப்பிடி நடந்து வந்த சொல்லுத்தான் சொல்லு” என்று கூட்டத்தில் சொன்னார். சொல்லும்போது அந்த வழியை மற்றக் கையால் தடவியும் காட்டினார். முன்வரிசையில் இருந்த ஒருவர் அவருக்குத் தோள்மூட்டில் ஏதோ வருத்தம் என்று நினைத்து, கூட்டம் முடிந்ததும் ஒரு எண்ணெயின் பெயர் சொன்னார்.

“கருக்கொள்ளுறதும் நீங்கள், பெறுறதும் நீங்கள்,” என்பாள் குணவதி. “குளிப்பாட்டிப் பவுடர் போட்டு ஊருக்குக் காட்டுறது மட்டும் கிளடிஸ் அக்கா.”

அந்தப் பவுடர்தான் அவருடைய தூக்கத்தைக் கெடுத்தது. நகரின் நடுவிலே ஒரு கார் நிறுத்துமிடத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள், காலடியில் ஒரு சின்ன ஹீற்றரோடு இருந்து, அவர் மாதம் முழுக்க ஒரு அத்தியாயத்தைச் சுமப்பார். காரோட்டி வந்தவன் கண்ணாடியில் தட்டினால், இடக்கையை உயர்த்தி, வசனம் முடியும்வரை அவனைப் பனியில் நிறுத்திவைப்பார். அப்படிப் பிறந்த பிள்ளையைப் பார்த்து ஊர் என்ன சொல்லுகிறது? சட்டை வடிவாம்!

அந்தக் கலியாணப் பந்தியிலேயே இன்னொரு சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்று மேசை தள்ளி, யூனியன்வில்லில் வீடு வாங்கிய மாமாங்கம் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார். மட்டக்களப்பார், காப்புறுதி முகவர். ஊருக்கெல்லாம் காப்புறுதி விற்றுவிட்டு, மிஞ்சிய நேரத்தில் பனிமுரசில் சிறுகதை எழுதுகிறவர். அவருக்குக் கொப்பியே கிடையாது. எப்படி எழுதுகிறீர்கள் என்று கூட்டத்தில் கேட்டபோது, “எனக்கெங்க கொப்பி! கையில அம்பிட்ட பேப்பர்ல எழுதுறதுதான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான் அவருடைய இலக்கியக் கொள்கை. அதற்குக் கைதட்டு வேறு. மாமாங்கத்தின் கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் கையெழுத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்பதை ஸ்ரீஸ்கந்தராசா கவனித்திருந்தார். ஒருநாளும் ஒருவரும் பேசியதில்லை. கதையைத்தான் பேசினார்கள். இத்தனைக்கும் அதே கை, அதே மை, அதே முத்து!

அதை நினைக்கும்போது அவருக்கு நெஞ்சிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முழங்கைக்கு ஏதோ நடந்து போவது உண்மைதான்.

பொங்கல் மலருக்கான கூட்டம் ஆசிரியர் ஜெயரட்ணத்தின் நிலக்கீழ் அறையில், சலவை மெஷினுக்குப் பக்கத்தில் நடந்தது. அந்த மலரோடு ஸ்ரீஸ்கந்தராசாவின் தொடர் முடிய வேண்டும். ஒரு வருடமாக ஓடிய ‘உப்புக்காற்றில் ஓர் ஓலம்’. அதன் கடைசி அத்தியாயம். அவர் எழுந்து நின்றார். நிற்கத் தேவையில்லை, நாலு பேர்தான் இருந்தார்கள்.

“இந்த முறை என்ர அத்தியாயத்தை நானே என்ர கையால எழுதித் தாறன். அப்பிடியே கொப்பி எடுங்கோ. எழுத்தாளன்ர கையெழுத்து எண்டது அவன்ர மூச்சு. வாசகனுக்கு இவ்வளவு நாளும் அந்த மூச்சுப் போய்ச் சேரேல்லை.”

ஜெயரட்ணம் தலையைச் சொறிந்தார். “அண்ணை, கிளடிஸ் ரீச்சர் ஏதும் பிழை விட்டவவோ?”

“பிழை இல்லை. மூச்சு இல்லை.”

“மூச்சு விடுங்கோ, நான் மறிக்கேல்லை. ஆனால் நாலு பக்கத்துக்குள்ள விடவேணும். ஒரு வரி கூடினாலும் கொப்பி எடுக்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்ர கையில இருக்கவேணும். இல்லாட்டி…” ஜெயரட்ணம் மூலையைப் பார்த்தார்.

மூலையில் இருந்த மாமாங்கம், “என்ட நாலு பக்கக் கதை எட்டுப் பக்கத்துக்கும் வரும் அண்ணே, பயப்படாதீங்க. இழுத்தா வரும்” என்றார். உதவி செய்கிற மனிதருடைய சிரிப்பு அது. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

ஆக, விஷயம் இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் நாலு பக்கம். இல்லாவிட்டால் ஒரு வருடம் ஓலமிட்ட கதாநாயகி முடிவில்லாமல், துறைமுகம் போய்ச் சேராமல் நிற்பாள். அவள் நிற்கவேண்டிய இடத்தில் மாமாங்கத்தின் கதை காலை நீட்டிப் படுத்திருக்கும்.

ஸ்ரீஸ்கந்தராசா கையெழுத்துப் பழக ஆரம்பித்தார். பிள்ளைகளுக்கு அரிவரி எழுதப் பழக்குகிற நாலுகோட்டுக் கொப்பி ஒன்றை வாங்கி, கூண்டுக்குள் இருந்து வரிவரியாக ‘அ’ எழுதினார். நாற்பத்தொன்பது வயதில் ஒரு மனிதன் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு ‘அ’வுக்குச் சுழி போடுவதைக் கார்க்காரர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். ‘ண’வுக்கு வந்தபோது ஒருவன் ஹோர்ன் அடித்தான், மூன்றாவது சுழி வாசல்படி தாண்டிப் போய்விட்டது.

பழகப் பழகக் கிளடிஸ் ரீச்சரின் கை இன்னும் உயரத்துக்குப் போனது. அவர் பழைய இதழை மடியில் வைத்து அவளுடைய ‘ழ’வை அப்படியே பார்த்து எழுதுவார். அவளுடைய ‘ழ’ காலை மடித்துக்கொண்டு அமைதியாக இருந்தது. அவருடையது வாதம் வந்து நின்றது. வீட்டிலும் இதே வேலைதான். குணவதி ஷிஃப்ற் முடிந்து வந்து சோற்றை இறக்கிவிட்டுக் கேட்டாள்:

“இஞ்சாருங்கோ, ஒரு பொம்பிளையின்ர ‘ழ’வை இப்பிடிப் பாக்கிறீங்களே, என்னை எப்பவாவது இப்பிடிப் பாத்தனீங்களோ?”

“உமக்கு விளங்காது.”

“விளங்கும். உது பொறாமை.”

“பொறாமையோ! எனக்கோ! ஒரு கொப்பி பண்ணுற ஆளிலயோ!”

“அப்ப ஏன் கத்துறீங்கள்?”

வெள்ளிக்கிழமை அவர் நல்ல தாளை விரித்து, நீலக் கொப்பியைத் திறந்து வைத்து, மைப்பேனையால் அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தார். முதல் பக்கம் முடிந்தபோது நிலவு இன்னும் முழுதாக எழும்பவில்லை. இரண்டாம் பக்கத்தில் அலைகள் வந்தன. மூன்றாம் பக்கத்தில் காலம் என்பது என்ன என்ற கேள்வி எழுந்து, பக்கம் முடியும்வரை பதில் வரவில்லை. நாலாம் பக்கம் தீர்ந்தபோது கதாநாயகி இன்னும் வீட்டுப் படலையைத் திறக்கவில்லை. அவர் எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தார். எறும்பு ஊர்ந்ததுபோல வந்தது. எப்படிப் பார்த்தாலும் பதினொரு பக்கம்.

கிளடிஸ் எப்படி அடக்கினாள்? மாதாமாதம் இதே நீளத்தில்தானே அவர் எழுதி, நீலக் கொப்பியைக் கடித உறையில் போட்டு அவளுடைய தபால்பெட்டிக்குள் தள்ளிவிட்டு வந்தார்? கொப்பி பிறகு ஜெயரட்ணம் கையால் திரும்பி வரும். நாலே பக்கத்தில், இடமும் விட்டு, ஓரத்தில் ஒரு பூவும் போட்டு எழுதியிருந்தாளே!

அவர் பழைய இதழ்களை எடுத்தார். இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். வெளிவந்த தன் கதையை ஸ்ரீஸ்கந்தராசா ஒருநாளும் வாசித்ததில்லை. பெயர் வந்திருக்கிறதா என்று பார்ப்பார், மூடிவைப்பார். கதைதான் தனக்குத் தெரியுமே. இந்த வாரம் முழுக்க ‘ழ’வைப் பார்த்தார், ‘ண’வைப் பார்த்தார், சொல்லைப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாக வாசித்தார், நீலக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

நீலக் கொப்பியில், முதலாம் அத்தியாயத்தில் இருந்தது இது: ‘பால்நிலவு தன் வெள்ளிக் கரங்களால் அலைமகளின் அளகபாரத்தை அளைந்துகொண்டிருந்த அந்த மோனப் பெருவெளியில், காலமென்னும் கண்ணில்லாக் குயவன் வனைந்தெறிந்த மண்கலமாய், துயரமே உருவாய், உருவமே துயராய், அவள் அழுதாள்.’

பனிமுரசில் இருந்தது இது: ‘அவள் அழுதாள்.’

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார். அவள் அழுதாள். நிலவு இல்லை. குயவன் இல்லை. அடுத்த அத்தியாயத்தில் ஒரு புயல் முழுதாகக் காணாமல் போயிருந்தது. அதற்கடுத்ததில் கதாநாயகனின் நெஞ்சோடு கதாநாயகன் நடத்திய உரையாடல் இல்லை. எல்லா இடத்திலும் முத்து முத்தான கையெழுத்து, ஒரு தடயம் விடாமல், களவெடுத்த வீட்டைக் கூட்டித் துடைத்துவைத்த மாதிரி.

அதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. வாசித்துக்கொண்டே போனவர், ஏழாம் அத்தியாயத்தின் கடைசியில் தன்னை மறந்து அடுத்த இதழை எடுத்தார், பிறகு என்ன நடந்தது என்று பார்க்க.

சனிக்கிழமை காலை அவர் ரெக்ஸ்டேலில் பஸ் ஏறினார். மல்வேர்ன் நகரத்தின் மறு அந்தம். பஸ், சப்வே, பஸ், இன்னொரு பஸ். வழி நெடுகிலும் கிளடிஸுக்குச் சொல்லவேண்டிய வசனங்களை அடுக்கினார். மாறி ஏறிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு வசனம் கூடியது. அவளுடைய கதவைத் தட்டும்போது அது பதினொரு பக்கத்துக்கு வந்திருந்தது.

“வாரும் தம்பி. சப்பாத்தை அங்கனயே கழட்டும், காப்பற்றெல்லாம் றோட்டில பனிக்குப் போட்ட உப்பு ஒட்டும்.” கிளடிஸ் ரீச்சர் சாரிக்கு மேலே இரண்டு ஸ்வெற்றர் போட்டிருந்தாள். வலது மணிக்கட்டில் நோவுக்குப் பட்டித்துணி சுற்றியிருந்தது. ‘தம்பி’ என்ற ஒரு சொல்லிலேயே பதினொரு பக்கமும் அவருக்கு மறந்துபோயிற்று.

“அக்கா, நீங்கள் என்ர கதையில வெட்டினனீங்களோ?”

“ஓம்.”

அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் அவர் வந்திருந்தார். ஓம் என்ற பதிலுக்கு அவரிடம் ஆயத்தம் இல்லை.

“எந்த அத்தியாயத்திலயிருந்து?”

“முதலாவதில இருந்து.”

“ஒரு வருஷமா! என்னட்டை ஒரு வார்த்தை சொல்லாமல்!”

“வெளியில வந்ததை நீர் வாசிப்பீர் எண்டெல்லோ நான் நினைச்சன். வாசிச்சுப்போட்டும் ஒண்டும் கேக்கேல்லை, என்ன பெருந்தன்மையான மனிசன் எண்டு ஜெயரட்ணத்திட்டையும் சொன்னனான்.”

ஸ்ரீஸ்கந்தராசா கதிரையில் இருந்தார். பெருந்தன்மை என்ற சொல் அவரை ஒருகணம் தடுமாறச் செய்தது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார்.

“ஒரு எழுத்தாளன்ர நிலவை வெட்ட உங்களுக்கு ஆர் அக்கா உரிமை தந்தது?”

“என்ர கை தந்தது.” அவள் பட்டித்துணி சுற்றிய மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். “வாசிக்கிற ஆளுக்கு உந்த நிலவு பாரமில்லைத் தம்பி. கண் வழுக்கிக்கொண்டு போயிடும். எழுதுற கைக்கு ஒவ்வொரு எழுத்தும் பாரம். ஒரு வசனம் எழுதேக்க நடுவில நோகும். நோகேக்க கை கேக்கும், இது கட்டாயம் வேணுமோ எண்டு. வேணுமெண்டால் நோவோட எழுதுவன். இல்லையெண்டால் விட்டிடுவன். உம்மட கதையில அவள் அழுகிறதை நான் விட்டனானோ? விடேல்லை. அதை எழுதேக்க நோகேல்லை.”

“அப்ப மற்றவேன்ரயிலயும் இப்பிடித்தானோ?” குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். “உதாரணத்துக்கு… மாமாங்கத்தின்ரயில?”

“சே, மாமாங்கத்தின்ரயில நான் தொடுறதில்லை.”

இதற்காகத்தான் நகரத்தைக் குறுக்கே கடந்து வந்தாரா? ஸ்ரீஸ்கந்தராசாவின் காது சூடேறியது.

“தொடுறதில்லையோ? அந்தாள் அவ்வளவு திறமோ?”

“அவர் வந்து பக்கத்தில இருப்பார். நான் கொப்பி பண்ணப் பண்ண என்ர கையைத்தான் பாத்துக்கொண்டிருப்பார். கொஞ்சம் நிண்டால் போதும், ‘எங்க அக்கா நோகுது?’ எண்டு கேட்டு அந்த இடத்தை அவரே வெட்டிப்போடுவார். நல்ல மனிசன். போனகிழமையும் வந்து, உந்த ரின்னில இருந்த பிஸ்கற் முழுக்க முடிச்சுப்போட்டுத்தான் போனவர்.”

ஸ்ரீஸ்கந்தராசா அந்த ரின்னைப் பார்த்தார். மாதாமாதம் இந்த வீட்டின் தபால்பெட்டிவரை அவர் வந்திருக்கிறார், மணியை அடிக்கவில்லை. கொப்பி பண்ணுகிற ஒருவரோடு படைப்பாளிக்கு என்ன பேச்சு? அதே நேரத்தில் அந்தக் காப்புறுதிக்காரர் உள்ளே, சூட்டில், பிஸ்கற்றோடு இருந்து, ஒரு மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்துக் கதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். கொப்பி இல்லாத கள்ளன்! கிளடிஸ் ரீச்சரின் கைதான் அவருடைய கொப்பி!

மேசையில் மாமாங்கத்தின் பொங்கல் கதை கிடந்தது. ஏதோ கம்பனி விளம்பரத் தாள்களின் பின்பக்கம், ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு திசையில் சாய்ந்து. கிளடிஸ் தேத்தண்ணி போட உள்ளே போனதும் ஸ்ரீஸ்கந்தராசா அதை இழுத்து வாசித்தார். ஒரு கிழவர் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார். கூட்டிப்போக வந்த மகனை அடையாளம் தெரியாமல் அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். மகனுக்கும் தெரியவில்லை. இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நன்றாக இருந்தது. தான் எழுதியிருக்கவேண்டிய கதை என்று தோன்றியது. அந்தக் கதையை ஒருநாளும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். ஒரு பிழையாவது இருக்கும், இருக்கத்தான் வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேடினார். மூன்றாவது தாளில் அகப்பட்டது. கிழவரின் மனம் என்ன பாடுபட்டது என்று மாமாங்கம் ஆறு வரிக்கு விளக்கியிருந்தார்.

“அக்கா!” அவர் குரலில் திருவிழாக் களை. “இஞ்ச பாருங்கோ. இந்த ஆறு வரியும் வேண்டாம். கிழவன் வாசலைப் பாத்துக்கொண்டிருக்கிறான் எண்டால் போதும். மிச்சம் எங்களுக்கு விளங்குமெல்லோ? அளவுக்கு மிஞ்சிப்போனார் மனிசன்! தன்னை மறந்து போனார்!”

கிளடிஸ் கோப்பையோடு வந்து குனிந்து வாசித்தாள். “சரிதான். நான் இன்னும் அவ்வளவுக்கு வரேல்லை. வந்தால் கட்டாயம் நொந்திருக்கும்.” அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசை வாங்கிலிருந்து ஒரு பிள்ளை சரியான விடை சொன்னால் பார்க்கிற பார்வை. “உமக்குக் கண் இருக்குத் தம்பி.”

“இல்லாமலோ!”

“அப்ப உம்மடயில ஏன் தெரியேல்லை?”

அவர் மாமாங்கத்தின் தாள்களை மேசையில் ஒழுங்காக அடுக்கினார்.

அவள் அவருடைய பைக்குள் கையைவிட்டு நீலக் கொப்பியை எடுத்தாள். கடைசி அத்தியாயம் இருந்த இடத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

“இதை ஆர் எழுதினது?”

“நான்.”

“இல்லை. இதை மாமாங்கம் எழுதினவர். உம்மட நாலு பக்கத்தையும் பறிச்சு, எட்டுப் பக்கத்திலயும் தன்ர கதையை நீட்டப்போறார். அப்பிடி நினைச்சுக்கொண்டு வாசியும் பாப்பம்.”

ஸ்ரீஸ்கந்தராசா சிரிக்கப் பார்த்தார். பிறகு குனிந்து முதல் வரியை வாசித்தார். இங்கேயும் பால்நிலவு. வெள்ளிக் கரங்கள். யூனியன்வில்லில், சொந்த வீட்டில், மெத்தைக் கதிரையில் இருந்து மாமாங்கம் இதை எழுதுவதுபோல ஒரு படம் கண்முன் வந்தது. வாயில் பிஸ்கற்.

“கரமாம்!” என்றார். “நிலவுக்குக் கரம்! கொழுப்பு!”

“வெட்டும்.”

“இது நீலக் கொப்பி அக்கா. இதில நான் வெட்டுறதில்லை.”

“உம்மடயில்லையே. மாமாங்கத்தின்ரயெல்லோ.”

அவர் மைப்பேனையின் மூடியைக் கழற்றினார். முதல் கோடு கொஞ்சம் கோணியது. இரண்டாவது நேராகப் போனது. பிறகு நிற்கவில்லை. நிலவு போனது. அலைமகள் கூந்தலோடு போனாள். காலம் என்பது என்ன என்று கேட்ட பக்கத்துக்கு வந்தபோது, “உனக்கு ஏன் காணும் உந்த வேலை, நீ போய் இன்சூரன்ஸ் வில்லு!” என்று வாய்விட்டுச் சொல்லி, மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். இத்தனை வருட எழுத்து வாழ்க்கையில் அவர் இவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலையும் செய்ததில்லை. கிளடிஸ் எதிரே இருந்து, அவர் தள்ளிவிடத் தள்ளிவிட, மிஞ்சியதை எடுத்து எழுதிக்கொண்டே வந்தாள். கை ஓரிடத்திலும் நிற்கவில்லை. கதாநாயகி இரண்டாம் பக்கத்திலேயே படலையைத் திறந்துவிட்டாள். நாலாம் பக்கத்தில், துறைமுகத்தில், ஓலமும் இல்லை ஒன்றும் இல்லை. அவள் சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள். அதற்குக் கீழே அரை விரல் இடம் மிஞ்சியது.

“பூ ஒண்டு போடட்டோ?”

“வேண்டாம்,” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா உடனே. “அது கூடிப்போம்.”

ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்கவில்லை. அன்றைக்கே ஜெயரட்ணத்தின் வீட்டு மணியை அடித்து, நாலு பக்கத்தையும் கையில் கொடுத்தார். ஜெயரட்ணம் வாசல்படியில் நின்றே வாசித்தார். முதலில் தாள்களைத் திருப்பிக் கையெழுத்தைப் பார்த்தார். மூச்சு யாருடையது என்று கேட்க வாயெடுத்தார். பிறகு வாசிக்கத் தொடங்கியதும் மறந்துவிட்டார். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது வாசல் திறந்துகிடப்பதும், குளிர் உள்ளே போவதும், உள்ளேயிருந்து மனைவி கத்துவதும் அவருக்குத் தெரியவில்லை.

“அண்ணை,” என்றார். கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஸ்ரீஸ்கந்தராசா ஜன்னலோரம் இருந்தார். அத்தியாயம் மனதுக்குள் வரிவரியாக ஓடியது. வந்திருந்தது, நன்றாகத்தான் வந்திருந்தது. அவள் தலைப்பைச் செருகிக்கொண்டு திரும்பிய இடத்தை அவர் இரண்டு தரம் திரும்ப ஓடவிட்டார். எப்படித்தான் இப்படி எழுத வருகிறதோ என்று வியந்தார். வியந்தபோது, அதை எழுதியவர் எங்கே இருந்து எழுதினார் என்று கண்முன் வந்தது: சொந்த வீடு, மெத்தைக் கதிரை, மடியில் பிஸ்கற்.

அவர் தலையை உதறினார். நான்தான், நான்தான் எழுதினது என்று சொல்லிப் பார்த்தார். மதியம் முழுக்க வெட்டியதெல்லாம் மாமாங்கத்தின் நிலவை, மாமாங்கத்தின் அலைகளை. ஆகவே மிஞ்சியதும் மாமாங்கத்தினுடையதாகத்தான் இருந்தது. எவ்வளவு முயன்றும் அந்த மனிதரை அந்த நாலு பக்கத்திலிருந்து இறக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

சப்வேயில் மாறி ஏறும்போதும் பொறாமை தீரவில்லை. ரெக்ஸ்டேலில் இறங்கி, பனிக்குள் நடந்து வந்தவரிடம், வீட்டுக் கதவைத் திறந்த குணவதி “என்ன, நாலு பக்கத்துக்குள்ள முடிஞ்சுதோ?” என்று கேட்டபோது, ஸ்ரீஸ்கந்தராசா சப்பாத்தைக் கழற்றாமலே நின்று சொன்னார்:

“முடிஞ்சுது. அந்தப் பாவி என்ன மாதிரி எழுதியிருக்கிறான் எண்டு பாரும்.”